கையுறை வழியாகக் கைராசி கடத்தப்படுமா

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஓய்வு பெற்றவளிடம் நாலு வார்த்தை கேட்பது எவ்வளவு ஆபத்து என்று உங்கள் இயக்குநருக்குத் தெரியவில்லை. வீட்டில் நான் வேலைக் கதை பேச ஆரம்பித்தால் என் கணவர் மோட்டார் போட வேண்டும் என்று எழுந்துவிடுகிறார். எங்கள் வீட்டுத் தொட்டி ஒரு நாளைக்கு நாலு முறை நிரம்பி வழிகிறது.

செல் வளர்ப்பது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்குக் கையேடு இருக்கிறது. பக்கத்து மேசையில் உங்களைவிட ஆறு மாதம் மூத்தவர் ஒருவர் எல்லாம் தெரிந்த முகத்தோடு உட்கார்ந்திருப்பார், அவரைக் கேளுங்கள். நான் எழுதப்போவது வேறு. எல்லா விதிகளையும் ஒன்றுவிடாமல் கடைப்பிடித்த நான், மிக்கேல் என்ற நல்ல மனிதரின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்த கதை இது. இதில் கோமாளி யார் என்று கடைசிவரை தேட வேண்டாம், நான்தான்.

முதலில் தைமஸ். உங்களுக்குத் தெரியும், ஆனாலும் சொல்வேன். நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்தின் மேல் சின்னத் தலையணை போல் படுத்துக் கிடக்கும் சுரப்பி. நோயோடு சண்டை போடும் டி செல்கள் பயிற்சி பெறுவது அங்கேதான். குழந்தைகளுக்குப் பெரிதாக இருக்கும், வயதாக ஆகச் சுருங்கிக்கொண்டே போகும். என் உடம்பில் வயதாகிச் சிறுத்த ஒரே உறுப்பு அதுதான் என்று நினைக்கிறேன். குழந்தைக்கு இதய அறுவை செய்யும்போது இது வழியை மறிப்பதால் சர்ஜன் ஒரு பகுதியை எடுத்துவிடுவார். மதுரையில் அப்படி எடுக்கும் துண்டு, பெற்றோர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தால், ஐஸ் பெட்டியில் தூத்துக்குடிக்கு எங்களிடம் வரும். கார் எட்டயபுரம் தாண்டிவிட்டது என்று டிரைவர் போன் செய்ததும் நாங்கள் கையுறை மாட்டத் தொடங்குவோம்.

அந்தத் துண்டிலுள்ள செல்கள் என்னென்ன வளர்ச்சிக் காரணிகளை உண்டாக்குகின்றன என்பதுதான் எங்கள் கேள்வி. வளர்ச்சிக் காரணி என்றால் வேறொன்றுமில்லை. ஒரு செல் பக்கத்துச் செல்லுக்கு, சில சமயம் தனக்கே, சாகாதே, வளர் என்று சொல்லி அனுப்பும் புரதம். செல்கள் குடுவையின் அடியில் ஒட்டிக்கொண்டு வளரும். அவற்றுக்கு மேலே ரோஸ் நிறத்தில் ஊட்ட நீர் நிற்கும், அதை மீடியம் என்போம். செல்கள் சுரப்பதெல்லாம் அந்த மீடியத்தில் போய்க் கலக்கும். பத்தாம் நாள் அதை எடுத்து அளந்து பார்க்க வேண்டும். இவ்வளவுதான் திட்டம். ஒரே ஒரு சிக்கல், எங்கள் செல்கள் பத்தாம் நாளைப் பார்த்ததே இல்லை.

மூன்றாம் நாள் வரை நன்றாக ஒட்டியிருக்கும். நாலாம் நாள் உருண்டையாகும். ஐந்தாம் நாள் மிதக்கும். மிதந்தால் எல்லாம் முடிந்தது, மறுபடியும் மதுரையில் ஒரு குழந்தைக்கு அறுவை நடக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

இந்த வேலையில் மூன்று பேர் இருந்தோம். உடன்குடியிலிருந்து வந்த முத்துச்செல்வி, இந்தச் செல்களை நம்பி முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்த பெண். மிக்கேல், டெக்னீஷியன், நாற்பத்து மூன்று வயது, வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டால்தான் வேலை. அதற்கு முன் கடற்கரையில் ஓர் இறால் ஹேச்சரியில், அதாவது இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணையில், பன்னிரண்டு வருடம் இருந்தவர். வைரஸ் வந்து பண்ணையை மூடிய பிறகு எங்களிடம் வந்தார். இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டும் பள்ளியில். அதிகம் பேசமாட்டார். மூன்றாவது ஆள் நான், தலைமை. நாலாவதாக ஸ்டோர் கீப்பர் சுடலைமுத்து அண்ணாச்சி. அவருக்கும் செல்களுக்கும் சம்பந்தம் கிடையாது, ஆனால் கருத்து எல்லாவற்றிலும் உண்டு.

என் கோளாறு என்னவென்றால் சுத்தம். சாத்தான்குளத்தில் எங்கள் அம்மா கழுவிய பாத்திரத்தைக் கழுவி, கழுவிய கையையும் கழுவுகிறவள். அந்த ரத்தம். போதாததற்கு எனக்குச் செல் வளர்க்கக் கற்றுத் தந்த பேராசிரியர், பழைய மீடியம் என்பது செல்லின் சாக்கடை, தினமும் துடைத்தெடுத்துப் புதிது ஊற்று என்பார். அவர் வளர்த்தவை புற்றுநோய்ச் செல்கள். அவற்றை மேசைக் காலில் தடவினாலும் வளரும். தைமஸ் செல்கள் அப்படிப்பட்டவை அல்ல என்பதை நான் யோசிக்கவில்லை. செல் அறைச் சுவரில் பத்து விதிகளை ஒட்டி, ஏழாவதைச் சிவப்பு மையில் எழுதியிருந்தேன்: தினமும் காலை பழைய மீடியத்தை முழுவதும் நீக்கிப் புதிதாக நிரப்ப வேண்டும், ரெஜிஸ்டரில் கையெழுத்திட வேண்டும்.

செல்கள் சாகச் சாக, துட்டி வீட்டில் செத்ததற்குக் காரணம் சொல்ல வருகிறவர்களைப் போல ஆளாளுக்கு வந்தார்கள். துறைமுகத்து நிலக்கரித் தூசி என்றாள் முத்துச்செல்வி. உப்பளக் காற்று என்றார் கணக்குப் பிரிவில் ஒருவர். எங்கள் ஆய்வகம் தூத்துக்குடிக்கு வெளியே திருநெல்வேலி சாலையில் புதுக்கோட்டைப் பக்கம் இருந்ததால், மீடியம் வந்த கொரியர் ஒருமுறை அந்தப் பெரிய புதுக்கோட்டைக்குப் போய் ஊர் சுற்றிவிட்டு டீச்சூட்டில் எங்களிடம் வந்தது. அதுவும் ஒரு காரணமாகப் பதிவானது. அண்ணாச்சி மட்டும் குடுவைகளைச் சூடாக வைத்திருக்கும் இன்குபேட்டரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கதவு தெற்குப் பார்த்து இருப்பதைக் காட்டினார். தெக்க பாத்த பெட்டியில் உசிரு தங்காது என்பது அவர் முடிவு. நான் அவருக்கு அறிவியல் மனப்பான்மை பற்றி அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். ஏழாவது தடவையும் செல்கள் செத்த பிறகு, காற்றோட்டத்துக்காக என்று சொல்லி இன்குபேட்டரைக் கிழக்குப் பார்க்கத் திருப்பி வைக்கச் சொன்னேன். இதை நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை. எட்டாவது தொகுதி கிழக்குப் பார்த்தபடி செத்தது.

அடுத்த தொகுதி வந்தபோது நான் எட்டு நாள் பயிற்சிக்குப் பெங்களூரு போயிருந்தேன். முத்துச்செல்வி அக்கா கல்யாணத்துக்கு உடன்குடி போய்விட்டாள். குடுவைகளைப் பார்த்துக்கொண்டது மிக்கேல் மட்டும். ஒன்பதாம் நாள் நாங்கள் இருவரும் திரும்பி வந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், குடுவையின் அடி முழுக்கப் பாய் விரித்த மாதிரி செல்கள். முத்துச்செல்வி என் கையைப் பிடித்துக் குதித்தாள். மிக்கேலுக்கு நன்றி சொல்லி, இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அவளே விதிப்படி மீடியத்தை முழுவதும் மாற்றினாள். காலையில் வந்தபோது எல்லாம் மிதந்தன.

இரண்டாவது முறை எனக்குச் சிக்குன்குன்யா. முட்டி மடக்க முடியாமல் வீட்டில் கிடந்தேன். முத்துச்செல்வி பயத்தில் குடுவையைத் தொட மறுத்ததால் மிக்கேலே மீடியம் மாற்றினார். செல்கள் எட்டு நாள் வாழ்ந்தன. நான் நொண்டிக்கொண்டே வந்து, ஆர்வத்தில் நானே மாற்றினேன். மிதந்தன.

இதற்குப் பிறகு மிக்கேலின் கைராசி ஊரறிந்த விஷயமானது. புது ஜெராக்ஸ் மெஷின் வந்தால் முதல் பொத்தானை அவர் அமுக்க வேண்டும். கேண்டீனில் காலையில் முதல் தோசையை அவர் கையால் ஊற்ற வேண்டும் என்று மாஸ்டர் பிடிவாதம் பிடித்தார், அன்றைக்கெல்லாம் தோசை அமீபா வடிவத்தில் கிடைத்தது. அண்ணாச்சி தன் மகளின் ஜாதகக் கவரை மிக்கேலிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொன்னார். மிக்கேல் சிலுவை போட்டுக்கொண்டு அதைப் பெட்டிக்குள் போட்டார், இரண்டு வாரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. அதோடு அவர் காலை ஒன்பது மணிக்கு வேலைக்கு வந்தால் கைக்காக மட்டும் பதினொரு மணி வரை வெவ்வேறு அறைகளுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் கூச்சப்பட்டுக்கொண்டே போய்வந்தார்.

எனக்கு எரிச்சல். மிக்கேலின் வலது கை என்று ஆய்வுக் கட்டுரையில் எழுத முடியாது. அதிலும் மூன்று மாதத்தில் மதிப்பீட்டுக் குழு வர இருந்தது. ஆகவே ஒரு கூட்டம் போட்டேன். ஐந்து பேர், அதில் மூன்று பேர் முனைவர் பட்டம் வாங்கியவர்கள். மிக்கேல் கையுறை போட்டுக்கொண்டுதான் குடுவையைத் தொடுகிறார், அப்படியானால் கையுறை வழியாகக் கைராசி கடத்தப்படுமா என்று முக்கால் மணி நேரம் விவாதித்தோம். நடவடிக்கைக் குறிப்பு இன்னும் உங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கும், தேடிப் பாருங்கள். கரண்டே ரப்பரில் போகாது, ராசி எப்படிப் போகும் என்று அண்ணாச்சி கேட்டது நியாயமான வாதமாகப் பட்டது. மூச்சுக்காற்று வழியாகப் போயிருக்கலாம் என்று இன்னொருவர் சொன்னதும், முகக்கவசத்தையும் சோதனையில் சேர்த்தோம்.

சோதனை நடந்தது. மிக்கேல் ஒற்றைக் கையுறையோடு மூன்று குடுவை, இரட்டைக் கையுறையோடு மூன்று, இடது கையால் மூன்று. நான் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து, கண்கொட்டாமல் பார்த்து, குறிப்பெடுத்தேன். மிக்கேல் விதிகளை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார். ஒன்பது குடுவையும் ஐந்தாம் நாள் செத்தன.

மறுநாள் முத்துச்செல்வி ஒரு தாளை என் மேசையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றாள். இதுவரை செத்த குடுவைகள், வாழ்ந்த குடுவைகள் எல்லாவற்றையும் அட்டவணை போட்டிருந்தாள். கையுறை, கை, திசை, மிக்கேல் எதுவும் முழுதாகப் பொருந்தவில்லை. ஒன்று மட்டும் அட்சரசுத்தமாகப் பொருந்தியது. தலைப்பு: மேடம் பார்த்தவை, மேடம் பார்க்காதவை.

அட்டவணையில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்படிப் போடக் கற்றுக்கொடுத்ததே நான்தான். மத்தியானத்துக்குள் அண்ணாச்சி செல் அறை வாசலில் அரக்கன் முகம் வரைந்த பூசணிக்காய் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார். அது என் நாற்காலியைப் பார்த்துத் தொங்கியது. கண்ணேறு என்பது மூடநம்பிக்கை என்று சொல்ல வாயெடுத்தேன், தரவு என் பக்கம் இல்லை. இரண்டு வாரம் செல் அறைக்குள் வருவதில்லை என்று நானே அறிவித்தேன். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள், ஒருவர் கூட வேண்டாம் மேடம் என்று சொல்லவில்லை.

அப்போது வந்த புதுத் தொகுதியை மிக்கேலே பார்த்துக்கொண்டார், செல்கள் வாழத் தொடங்கின. எனக்கோ அறையில் உட்கார்ந்து காகிதம் பார்ப்பதைத் தவிர வேலை இல்லை. அப்படித்தான் கழிவு ரெஜிஸ்டரைப் புரட்டினேன். நீக்கிய மீடியத்தை பிளீச்சிங் கலந்த பாட்டிலில் ஊற்றி, எவ்வளவு என்று குறித்து அனுப்புவது வழக்கம். மிக்கேல் தனியாக வேலை பார்த்த நாட்களில் பாட்டில் சரிபாதிதான் நிரம்பியிருந்தது. புது மீடியமும் பாதிதான் செலவாகியிருந்தது. ஆனால் செல் அறை ரெஜிஸ்டரில் ஒவ்வொரு நாளும் அவருடைய அழகான கையெழுத்தில் முழுவதும் மாற்றப்பட்டது, மி. என்று இருந்தது.

எனக்குத் தலைக்கேறியது. நம் தொழிலில் குடுவையைக் கீழே போடலாம், செல்லைக் கொல்லலாம், என்னைப் போல் ஒன்றரை வருடம் மடத்தனம் பண்ணலாம். நடக்காததை நடந்ததாக ரெஜிஸ்டரில் எழுதக் கூடாது. வேலைக்குச் சோம்பல் பட்டு, பாதியில் விட்டு, பொய்யும் எழுதியிருக்கிறான் மனுஷன் என்று முடிவு கட்டினேன். உட்கார்ந்து அப்போதைய இயக்குநருக்குக் கடிதம் எழுதினேன்: பதிவேட்டில் தொடர்ந்து பொய்த் தகவல் எழுதியதால் இவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம். அனுப்பினேன். அனுப்பிவிட்டுத்தான் மிக்கேலைக் கூப்பிட்டேன். இந்த வரிசையைத் தயவுசெய்து கவனியுங்கள், இதுதான் என் வாழ்நாளின் பெரிய தொழில்முறைத் தப்பு.

அவர் வந்து நின்றார். இரண்டு ரெஜிஸ்டரையும் திறந்து காட்டினேன். பார்த்துவிட்டு, மறுக்காமல், பாதிதான் மாற்றினேன் என்று ஒப்புக்கொண்டார். ஏன் என்று கேட்டேன்.

"ஹேச்சரில முழுத் தண்ணியையும் ஒருநாளும் மாத்த மாட்டோம் மேடம். பாதிய வச்சிட்டுத்தான் பாதிய மாத்தணும். அதுக இருந்த தண்ணி கொஞ்சமாவது அதுகளுக்கு வேணும். மொத்தமா மாத்துனா குஞ்சு பூராவும் செத்துக் கெடக்கும்."

"அப்ப நான் பக்கத்துல உக்காந்திருந்தப்ப ஏன் முழுசும் மாத்துனிய?"

"நீங்க பாத்துக்கிட்டு இருந்திய."

கோபத்தில் எனக்குச் சாத்தான்குளத்துப் பேச்சு வந்துவிட்டது என்பதை அவர் கவனித்திருப்பார். போகச் சொல்லிவிட்டு, அதுக இருந்த தண்ணி என்று எனக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். என் அறைக் கதவில் திட்டத்தின் பெயர்ப்பலகை மாட்டியிருந்தது: மனித தைமஸ் செல்கள் உற்பத்தி செய்யும் வளர்ச்சிக் காரணிகள். கதவு திறந்திருந்ததால் எழுத்து தெளிவாகத் தெரிந்தது. செல்கள் தங்களைத் தாங்களே வாழவைத்துக்கொள்ள எதையோ சுரந்து மீடியத்தில் விடுகின்றன என்று நம்பித்தான் இந்தத் திட்டத்தையே எழுதினேன். அந்த மீடியத்தைத்தான் தினமும் காலை ஒன்பதரை மணிக்குச் சொட்டு விடாமல் வடித்து, பிளீச்சிங் ஊற்றி, கையெழுத்தும் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

உடனே நம்பிவிடாதீர்கள், நானும் நம்பவில்லை. அடுத்த துண்டு வந்ததும் ஆறு குடுவை வைத்தேன். மூன்றில் முழுவதும், மூன்றில் பாதி. எல்லாவற்றையும் என் கையால், என் கண் பார்க்க, பூசணிக்காய்க்குக் கீழே நானே செய்தேன். முழுவதும் மாற்றியவை ஐந்தாம் நாள் மிதந்தன. பாதி மாற்றியவை பத்தாம் நாளும் ஒட்டிக்கொண்டு உயிரோடு இருந்தன. அவற்றின் மீடியத்தை அளந்தபோது வளர்ச்சிக் காரணி இருந்தது. செல்லே இல்லாத வெறும் மீடியத்தை அளந்தபோது இல்லை. முத்துச்செல்வி அழுதாள். நானும் அழுதேன், ஆனால் சிரித்துக்கொண்டே அழுததால் அண்ணாச்சி பயந்து தண்ணீர் கொண்டுவந்தார்.

கடிதம் மட்டும் இயக்குநர் மேசையில் இருந்தது. திருப்பித் தாருங்கள் என்று போய்க் கேட்டேன். பொய்ப் பதிவு என்று எழுத்தில் கொடுத்துவிட்டீர்கள், படிக்காத மாதிரி இருக்க முடியாது, மதிப்பீட்டுக் குழு முன்னால் வைத்தாக வேண்டும் என்றார். அவர் சொன்னது சரி. அதுவரை மிக்கேலை ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். வீட்டில் அவர் சொல்லவில்லை என்று அண்ணாச்சி சொன்னார். காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து, செய்ய ஒன்றுமில்லாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்காலம் போவாராம். அவரிடம் போய் என்ன பேசுவது என்று தெரியாமல் ஸ்டோர் வழியாக நடப்பதையே விட்டேன்.

குழு வருவதற்கு முந்தின நாள் அண்ணாச்சி என் அறைக்கு வந்து ஒரு வழி சொன்னார்.

"ஒரு வார்த்த சொல்லிருங்க மேடம். பாதி மாத்திப் பாருன்னு நீங்கதான் வாயால சொன்னிய, எழுத மறந்துட்டியன்னு. அவன் வேலையும் நிக்கும், ஒங்க பேரும் நிக்கும்."

நல்ல யோசனைதான். யாருக்கும் நட்டமில்லை. வீட்டுக் கண்ணாடி முன்னால் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன், மூன்றாவது முறை எனக்கே உண்மை போலத் தோன்றியது. அந்தக் கண்டுபிடிப்பும் என்னுடையதாகிவிடும் என்பது மூன்றாவது முறை சொல்லும்போதுதான் உறைத்தது. அப்போதும் அந்த யோசனையை விட மனசு வரவில்லை, உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது.

குழுவுக்குச் சென்னையிலிருந்து வந்த மூத்த பேராசிரியர் தலைவர். சிரிக்காத முகம். மிக்கேலை ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டை, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடுவது. தலைவர் ரெஜிஸ்டரை என் பக்கம் தள்ளி, இந்தப் பதிவுகள் எப்படி வந்தன என்று கேட்டார். நான் ஒத்திகை பார்த்த வரியை வாயில் வைத்துக்கொண்டு பக்கத்தைப் பார்த்தேன். எனக்குச் சிக்குன்குன்யா வந்த வாரம். முதல் நாள் வரியில் பாதி என்று எழுதி, அதை ஒரே கோட்டில் அடித்து, மேலே முழுவதும் என்று எழுதியிருந்தது. அடித்தாலும் கீழே இருப்பது தெரிய வேண்டும், ஒரே கோடுதான் போட வேண்டும் என்பது என் மூன்றாவது விதி. பொய் எழுதும்போதும் மனிதர் என் விதிப்படிதான் எழுதியிருந்தார்.

அதற்கு மேல் ஒத்திகை பார்த்தது வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். பாதி மாற்றியது அவர், முழுவதும் என்று தப்பாக எழுதியதும் அவர். ஆனால் செல்களைக் கொன்றது என் விதி. பிழைக்க வைத்தது அவர் பழக்கம். எனக்குப் பயந்துதான் அவர் பொய் எழுதினார், அந்தப் பயத்தை உண்டாக்கியது நான். இன்குபேட்டரைத் திருப்பியது, கையுறைக் கூட்டம், பூசணிக்காய் எல்லாம் சொன்னேன். பூசணிக்காய் வந்தபோது தலைவரின் மீசை ஒரு பக்கம் மட்டும் அசைந்தது.

பிறகு அவர் மிக்கேல் பக்கம் திரும்பினார். இவ்வளவு தெரிந்தவர் உங்கள் மேடத்திடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டார்.

மிக்கேல் எழுந்து நின்றார். என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னார். "சொன்னேன் சார். சேந்த மொத வாரமே சொன்னேன்."

"மேடம் என்ன சொன்னாங்க?"

"ஏழாவது விதியப் படின்னு சொன்னாவ."

எனக்கு நினைவே இல்லை. இப்போதும் இல்லை. அன்று நான் எதையோ எழுதிக்கொண்டு, தலை நிமிராமல் சொல்லியிருப்பேன். ஒன்றரை வருடம், அத்தனை குடுவை, மதுரையில் அத்தனை பெற்றோர் போட்ட கையெழுத்து, எல்லாவற்றுக்குமான பதிலை முதல் வாரமே ஒரு மனிதர் என் மேசை முன்னால் நின்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த அறையில் எனக்கு அவமானமாக இருந்தது. தலைவர் ரெஜிஸ்டரை மூடி வைத்தார்.

மிக்கேலுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள், ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். எனக்கும் ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது, என் முப்பது வருட வேலையில் முதலாவது. அதைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். முத்துச்செல்வியின் ஆய்வேட்டில் செய்முறைப் பகுதியில் மீடியத்தைப் பாதி மாற்றும் முறை மிக்கேலுடையது என்று பெயரோடு இருக்கிறது.

நீங்களும் ஒருநாள் தலைமைக்கு வருவீர்கள், சுவரில் விதிகளை ஒட்டுவீர்கள். ஒட்டுங்கள், விதி வேண்டும். ஆனால் உங்கள் ரெஜிஸ்டர் அடித்தல் திருத்தல் இல்லாமல், எல்லா நாளும் ஒரே மாதிரி, கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். எழுதுகிறவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். கேட்ட பிறகு கடிதம் எழுதுங்கள். பயந்த ஆளிடம் இனிமேல் பயப்படாதே என்று சொன்னதும் பயம் போய்விடும் என்றும் நினைக்காதீர்கள், நான் நினைத்தேன்.

தீர்ப்பு வந்த மறுநாள் காலை மிக்கேல் செல் அறைக்குத் திரும்பினார். நான் பின்னால் நின்றேன். பாதி எடுத்தார், பாதி ஊற்றினார், குடுவைகளை உள்ளே வைத்தார். ரெஜிஸ்டரைத் திறந்து பேனாவைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மேடம், இனிமே பாதின்னே எழுதலாமா?"

நடந்ததை நடந்தபடி எழுத நாற்பத்து மூன்று வயது மனிதர் என்னிடம் அனுமதி கேட்கிறார். எழுதுங்கள் என்றேன். பாதி மாற்றப்பட்டது, மி. என்று எழுதி, ரெஜிஸ்டரைத் தூக்கி எனக்குக் காட்டினார். இதை எனக்குக் காட்ட வேண்டாம் மிக்கேல் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் பழக்கதோஷத்தில் குனிந்து அந்த வரியை இரண்டு முறை படித்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு பேனாவை மறுபடியும் திறந்தார்.

"வேணும்னா முழுசும்னு மாத்திருதேன் மேடம்" என்றார்.